முளைப்பாரியும் சோதனைக் குழாயும்

கல்லைச் செதுக்கிச் சிலை வடிப்பவரைச் சிற்பி என்றும், வண்ணத்தைக் குழைத்துப் படம் எழுதுபவரை ஓவியர் என்றும் நெடுங்காலமாக அறிந்திருக்கிறோம். கல்லும் வண்ணமும் உயிரற்ற பொருள்கள். கலைஞர் தம் வேலையை முடித்துக் கையைக் கழுவிய பின்னர் அவற்றுக்குப் பசியில்லை, தாகமில்லை, மூப்பும் இல்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக உலகின் பல நகரங்களில் வேறொரு வகைக் கலை தோன்றி வளர்ந்து வருகிறது. அதன் மூலப்பொருள் உயிரே. பாக்டீரியா, பூஞ்சை, செடி, விலங்கின் திசு ஆகியவற்றை ஆராய்ச்சிக்கூடத்துச் சாதனங்களின் துணையால் வளர்த்தும் மாற்றியும் கலைக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். மேல்நாட்டார் இதனைப் ‘பயோ ஆர்ட்’ என்று அழைக்கின்றனர். நாம் ‘உயிர்க்கலை’ என்று சொல்லலாம்.

இஃது எங்கோ மேலைநாட்டில் நடைபெறும் விநோதம் என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பூனா என்ற பழைய பெயரால் நம்மவர் இன்றும் குறிப்பிடும் புனே நகரில், கண்ணாடிக் குழாய்க்குள் மூங்கில் ஒன்று காலத்துக்கு முன்பே பூத்த செய்தி உலகப் புகழ் பெற்றது. அதைச் செய்தவர்கள் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் இன்றைய உயிர்க்கலைஞர் கையாளும் முறைகளும், அவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகளும் அந்தக் குழாய்க்குள் அடங்கியிருந்தன. ஆகவே புனேயை நடுவாக வைத்துக்கொண்டு இக்கலையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்வதே பழக்கம். ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’ என்னும் ஒரே சொல் பண்பாட்டையும் குறிக்கிறது; குழாயில் நுண்ணுயிரைப் பெருக்குவதையும் குறிக்கிறது. உழுது பேணுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. தமிழில் இவ்விரு பொருளும் பிரிந்து நிற்கின்றன. ஒன்று பண்பாடு, மற்றொன்று வளர்ப்பு. ‘டிஷ்யூ கல்ச்சர்’ என்பதை நாம் திசு வளர்ப்பு என்கிறோம். மராட்டியர் ‘சம்வர்தன்’ என்கின்றனர். பேணிப் பெருக்குதல் என்பது அதன் பொருள். புனேச் சந்தையில் நாம் வாங்கும் ஜள்காவ் வாழைப்பழங்களுள் பல இவ்வாறு திசு வளர்ப்பில் தோன்றிய கன்றுகளின் விளைவேயாகும்.

தமிழ்ச் சொல்லின் சிறப்பை நோக்குங்கள். வளர்ப்பு என்றால் வளர்ப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். வளர்ப்புத் தாய், வளர்ப்பு மகன் என்னும் வழக்குகளில், பெறாவிடினும் காக்கும் கடமையை ஏற்றுக்கொண்டவர் என்ற கருத்து உறைந்திருக்கிறது. ஓர் உயிரைக் கலைப்பொருளாக வளர்ப்பவர் அதற்குப் பட்ட கடன் யாது? எதுவரை அதனைக் காக்க வேண்டும்? எப்போது, எவ்வாறு அதன் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்? உயிர்க்கலையின் வரலாறு முழுவதும் இக்கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது என்பது நம் கருத்து.

உயிரையும் கருவியையும் இணைத்துக் கண்கவர் காட்சியாக்கிய முன்னோடிகளுள் ஜகதீச சந்திர போஸ் ஒருவர். அவர் அமைத்த ‘கிரெஸ்கோகிராப்’ என்னும் கருவி, செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. புகை படிந்த கண்ணாடித் தகட்டின்மீது செடியே தன் வரலாற்றை எழுதுவது போன்ற கோடுகள் தோன்றின. தொட்டாற்சிணுங்கியையும் தொழுகண்ணியையும் அவர் 1914-இல் கடல் கடந்து எடுத்துச் சென்று மேலைநாட்டு அறிஞர்களின் முன் காட்டினார். வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிர்நாட்டில் வாடாது காப்பதும் அந்தக் காட்சியின் ஒரு பகுதியாகவே அமைந்தது. 1917-இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையத்தின் சுவர்களை ஓவியர் நந்தலால் போஸின் சித்திரங்கள் அணி செய்தன. விஞ்ஞானமும் கலையும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்று கருதியவர் அவர்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராயிருந்த டி. சி. என். சிங், 1950-களிலும் அதற்குப் பின்னும் செடிகளுக்கு இசையைக் கேட்கச் செய்து ஆராய்ந்தார். இராகங்களின் ஒலியால் செடிகள் விரைந்து வளர்கின்றன என்பது அவர் கூற்று. அந்தக் கூற்றை விஞ்ஞான உலகம் முற்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒளி, நீர், வெப்பம் ஆகிய பிற காரணங்களைத் தனியே பிரித்து அறிவது இத்தகைய சோதனைகளில் எளிதன்று. எனினும், சங்கீதத்தையும் செடியையும் ஒலிபெருக்கியையும் ஒரு வயலில் சேர்த்து வைத்துப் பார்த்த அம்முயற்சியைக் கலை வரலாறு எழுதுவோர் மறந்துவிடலாகாது.

மேலைநாட்டில் செடியைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன். பல ஆண்டுகள் ஒட்டுச் சேர்த்தும் தேர்ந்தெடுத்தும் தாம் உருவாக்கிய ‘டெல்பீனியம்’ மலர்களை அவர் 1936 ஜூன் மாதத்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார். தம் புகைப்படங்களை அன்று; பூக்களையே. கண்காட்சி ஒரு வாரம் நடந்தது. பூக்களின் ஆயுள் அதற்குமேல் இடம் தரவில்லை. அடுத்த ஆண்டில், ‘கோல்ச்சிசின்’ என்னும் பொருள் செடியின் குரோமோசோம்களை இரட்டிக்க வல்லது என்பது வெளியாயிற்று. ஸ்டைக்கனும் பிற்காலத்தில் அதனைத் தம் செடிகளில் பயன்படுத்தினார். இந்தக் கோல்ச்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் நிறைந்துள்ளது. தாராபுரம், மூலனூர் வட்டாரத்து உழவர்கள் இவ்விதைக்காகவே அதனைப் பயிரிடுகிறார்கள் என்பதைக் கொங்கு நாட்டு நேயர்கள் நன்கு அறிவர்.

இனிக் குழாய்க்குள் செல்வோம். செடியின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் முழுச் செடியாகும் ஆற்றல் மறைந்திருக்கிறது என்று 1902-இல் ஆஸ்திரிய விஞ்ஞானி ஹாபர்லாண்ட் கூறினார். அவர் பிரித்தெடுத்த அணுக்கள் சில காலம் உயிரோடிருந்தன. ஆனால் பிரிந்து பெருகவில்லை. அவருடைய கருத்து மெய்ப்பட இன்னும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதற்கு உதவிய பொருள்களுள் ஒன்று நம் இளநீர். தேங்காய்க்குள் இருக்கும் நீர், முளைக்கப்போகும் கருவுக்கு இயற்கை வைத்திருக்கும் உணவாகும். 1941-இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஊமத்தைச் செடியின் இளங்கருவைக் குழாயில் வளர்ப்பதற்கு இதைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். 1958-இல் ஸ்டூவர்ட் என்பவர் காரட் கிழங்கின் அணுக்களிலிருந்து முழுச் செடியை வளர்த்தபோதும் இதுவே கைகொடுத்தது. 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் வெளியிட்ட உணவுக் கலவையை இன்றும் உலகெங்கும் திசு வளர்ப்போர் கையாளுகின்றனர். 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் எஸ். சி. மகேசுவரியும், ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்த்து ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்களை மட்டுமே உடைய செடிகளைப் பெற்றனர். இந்தியாவின் பங்கு சிறியதன்று.

புனே நகரின் பாஷாண் சாலையில் அமைந்துள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சி நிலையத்தை 1950 ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். பெயர் இரசாயனம் எனினும், உயிர் வேதியியலும் தாவரத் திசு வளர்ப்பும் அங்கே வேரூன்றின. தொழில்துறைக்குப் பயன்படும் நுண்ணுயிர்களின் தேசியத் தொகுப்பும் அங்கேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான நுண்ணுயிர் வகைகள் உறைய வைத்தும் உலர வைத்தும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வேண்டும்போது அவற்றை மீண்டும் எழுப்பி உணவூட்டுவர். அருங்காட்சியகத்துப் பொருளைக் காப்பவர்க்கும் இத்தொகுப்பைக் காப்பவர்க்கும் ஆங்கிலத்தில் ஒரே பட்டம், ‘க்யூரேட்டர்’ என்பது. முன்னவர் பொருள் மாறாதபடி காக்கிறார்; பின்னவரோ சாகாதபடி காக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலையத்தில் மஸ்கரேனாஸ், ரஜனி நாட்கௌடா, பராஷராமி ஆகியோர் மூங்கிலை ஆராய்ந்தனர். மூங்கில் ஒரு புல்வகை. ஆனால் பூக்கும் வழக்கத்தில் மற்றப் புற்களைப் போன்றதன்று. இனத்துக்கேற்ப 12 முதல் 120 ஆண்டு வரை பூவாமல் இருந்து, பின்னர் ஒரே காலத்தில் காடு முழுவதும் பூத்து, விதை சொரிந்து, புதரோடு மாண்டுவிடும் இனங்கள் பல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடியும் நம் நீலக்குறிஞ்சியின் உறவுமுறை இவ்விஷயத்தில் மூங்கிலோடுதான் எனலாம். 2006-லும் 2018-லும் கொடைக்கானல் மூணாறு மலைச்சரிவுகள் நீலமானதைக் கண்டவர்களுக்கு இவ்வியல்பு எளிதில் விளங்கும்.

பூக்கும் காலம் தெரியாத செடியில் ஒட்டுச் சேர்த்து நல்லினம் உருவாக்க இயலாது. ஒரு விஞ்ஞானி தம் உத்தியோக காலம் முழுவதும் காத்திருந்தாலும் ஒரு பூவைக் காணாமற்போகலாம். புனே விஞ்ஞானிகள் மூங்கில் நாற்றுகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, இளநீரும் ‘சைட்டோகைனின்’ என்னும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த உணவை ஊட்டினர். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய உணவுக்கு மாற்றினர். மூன்றாம் மாற்றத்துக்குள்ளாகவே அவற்றுள் பல பூத்தன, விதையும் பிடித்தன. பல பத்தாண்டுகள் காட்டில் காத்திருந்து பூக்க வேண்டிய முள்மூங்கில், சில மாதத்தில் விரல் நீளமே உள்ள தண்டில் பூத்துவிட்டது. 1990-இல் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான இதழ் இந்த ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டது. உலகப் பத்திரிகைகள் இதனைப் பெருஞ்செய்தியாக்கின.

மூங்கில் பூப்பது வெறும் அழகுச் செய்தி அன்று. 1959-இல் மிசோ மலைகளில் மூங்கிற்காடுகள் பூத்தன. அங்குள்ள இனம் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. விதை மிகுதியால் எலிகள் பெருகின. விதை தீர்ந்ததும் அவை வயல்களையும் களஞ்சியங்களையும் சூறையாடின. பஞ்சம் தோன்றிற்று. பஞ்ச நிவாரணத்துக்காக எழுந்த மிசோ சங்கம் 1961-இல் அரசியல் முன்னணியாக மாறி, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. 1986-இல்தான் சமாதான உடன்பாடு ஏற்பட்டது. ஒரு புல் பூத்ததன் விளைவு இருபது ஆண்டுக் கலகம் வரை சென்றது. பூவின் காலத்தை மனிதன் தன் கைக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய செயல் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அடுத்த பூப்பு 2006, 2007 ஆண்டுகளில் வந்தபோது அரசாங்கம் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

புனேயில் ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டதை, அதற்கடுத்த பத்தாண்டில் கலைஞர்கள் கலைக்காகச் செய்யத் தொடங்கினர். 1962-இல் ஷிமோமுரா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி, ஒளிரும் ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளி வீசும் புரதம் ஒன்றைக் கண்டறிந்திருந்தார். அதனைப் பிற உயிர்களுள் செலுத்தி அணுக்களின் வேலையைக் கண்ணாற் காணும் முறை பின்னர் வளர்ந்தது. இதற்காக அவருக்கும் வேறிருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேசிலில் பிறந்த எடுவர்டோ காக் என்னும் கலைஞர், பிரான்சு நாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இப்புரதம் ஏற்றப்பெற்ற ஆல்பா என்னும் முயலை 2000-இல் தம் கலைப்படைப்பாக அறிவித்தார். முயலைத் தம் இல்லத்துக்குக் கொண்டுசென்று குடும்பத்தில் ஒன்றாக வளர்க்கப் போவதாகவும் கூறினார். ஆராய்ச்சிக்கூடத்தார் முயலைத் தர மறுத்துவிட்டனர். படைத்தவர் யார், வளர்ப்பவர் யார் என்ற வழக்கு அன்று எழுந்தது. முயலின் நலத்தைக் காட்டிலும் அதன் உரிமையே அதிகம் பேசப்பட்டது.

அதே 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ‘சிம்பயாடிகா’ என்னும் கலை ஆராய்ச்சிக்கூடம் பல்கலைக்கழகத்தினுள் நிறுவப்பட்டது. அதனைச் சேர்ந்த ஓரன் கேட்ஸ், யோனாட் சுர் என்னும் இருவர், உயிர் அணுக்களைச் சிறு சட்டை வடிவத்தில் வளர்த்து, விலங்கைக் கொல்லாத தோல் என்று பெயரிட்டனர். எலியின் அணுக்களால் அமைந்த இத்தகைய சட்டை ஒன்று 2008-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1936-இல் டெல்பீனியம் பூத்த அதே இடம். வெப்பம் காக்கும் கூண்டில் குழாய் வழியே உணவு சென்றுகொண்டிருந்தது. சில வாரங்களில் சட்டை எதிர்பார்த்ததைவிட விரைவாக வளர்ந்தது, குழாய்கள் அடைபட்டன. கண்காட்சிப் பொறுப்பாளர் பாவோலா அன்டோனெல்லி உணவை நிறுத்தச் செய்தார். எலியும் அன்று, மனிதனும் அன்று, ஒரு சட்டை. ஆயினும் அதன் உயிரை நிறுத்தும் முடிவு தம் உறக்கத்தைக் கெடுத்ததாக அவர் பின்னர் கூறினார். கல்லில் வடித்த சிலையைக் கிடங்குக்கு அனுப்பும்போது எந்த அதிகாரிக்கும் இந்த வேதனை ஏற்பட்டதில்லை.

நம் நாட்டில் இக்கலை கால் ஊன்றியது பெங்களூரில். அங்குள்ள கலை வடிவமைப்புப் பள்ளி மாணவர்கள், யஷஸ் ஷெட்டி என்னும் கலைஞரின் வழிகாட்டுதலில், 2009-இல் அமெரிக்காவில் நடந்த மரபணுப் பொறியியல் போட்டியில் கலந்துகொண்டனர். விஞ்ஞானம் பயின்ற மாணவர்களுக்கிடையே இவர்கள் கலை பயின்றவர்கள். மண்ணில் வாழும் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ என்னும் நுண்ணுயிரின் மரபணுவை வேறொரு சாதாரண பாக்டீரியாவுக்குள் செலுத்தி, முதல் மழை பெய்தவுடன் எழும் மண்வாசனையை அதிலிருந்து பெறுவதே அவர்களுடைய திட்டம். வாசனைக்குக் காரணமான பொருளுக்கு ‘ஜியோஸ்மின்’ என்று பெயர். மண்வாசனையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 1964-இல் அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரிட்டபோதே, உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்தார் அவ்வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி ‘மிட்டி அத்தர்’ என்று விற்று வந்ததையும் குறிப்பிட்டனர். சுட்ட மண்ணை நீராவியில் காய்ச்சி வடித்துப் பெறுவது கன்னோஜ் முறை. உயிருள்ள நுண்ணுயிரைக்கொண்டு பெறுவது பெங்களூர் முறை. ஊரைவிட்டு வந்த நமக்கு, முதல் மழையில் எழும் அவ்வாசனை எந்தத் தெருவை நினைவூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மண்ணின் வாசனையைக் குப்பிக்குள் கொண்டுவர இருவரும் முயன்றனர். ஆனால் முதல் குப்பியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். இரண்டாவதை மறக்க முடியாது. அதற்குள் இருப்பது பசிக்கும், பெருகும், வெளியே சிந்தினால் எங்கே செல்லும் என்று யோசிக்க வேண்டும்.

இதனாலேயே அரசாங்கங்கள் இத்துறையில் தலையிடுகின்றன. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989 டிசம்பரில் இந்திய அரசாங்கம் விதிகள் சிலவற்றை வெளியிட்டது. மரபணு மாற்றிய உயிர்களைத் தயாரித்தல், வைத்திருத்தல், இறக்குமதி செய்தல் ஆகிய அனைத்தும் அவற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. செய்பவர் விஞ்ஞானியா கலைஞரா என்ற வேறுபாடு அங்கே இல்லை. கட்டுப்பாடு அளவு மீறினால் நேரும் தீங்குக்கும் உதாரணம் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கர்ட்ஸ் என்னும் கலைஞரின் மனைவி திடீரென இறந்தார். வீட்டுக்கு வந்த போலீசார், கண்காட்சிக்காக அவர் வளர்த்து வந்த தீங்கற்ற பாக்டீரியாத் தட்டுகளைக் கண்டு, உயிரியல் ஆயுதம் என்று ஐயுற்றனர். ஆயுத வழக்கு நிற்கவில்லை; ஆயினும் பாக்டீரியாவைப் பெற்ற முறை குறித்த மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுபட 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சத்தின் பேரால் கலையை நசுக்குதலும் தவறு. கலையின் பேரால் எச்சரிக்கையைக் கைவிடுதலும் தவறு.

சட்டம் வெளியே சிந்தாமல் காக்கும். வளர்ப்பவர் பட்ட கடனைச் சட்டம் முழுவதும் சொல்லிவிடாது. அதனைச் சொல்ல வேண்டியது பண்பாடு. இவ்விடத்தில் நம் கிராமத்துப் பெண்கள் நமக்கு வழிகாட்டுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுப்பதை நம்மில் யார் காணாதவர்? மண்ணும் எருவும் வைக்கோலும் நிரப்பிய ஓட்டில் நவதானியத்தை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, விரதமிருந்து நீர் தெளித்து வளர்க்கின்றனர். மாலையில் கும்மி கொட்டிப் பாடுகின்றனர். இருளில் வளர்ந்த முளைகள் வெளிர் மஞ்சள் நிறத்தில் உயர்ந்து நிற்கும். வளர்த்தவளின் கவனத்துக்கு அந்த முளைகளே சான்று. கடைசி நாளில் அவற்றைத் தலையில் ஏந்தி ஊர்வலமாகச் சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைத்துவிடுகின்றனர். முளைப்பாரி உயிருள்ள பொருளால் ஆன கலை. ஒளியையும் நீரையும் அளந்து தரும் தொழில்நுட்பம் அதில் உண்டு. அனைத்துக்கும் மேலாக, அதன் முடிவு தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது; முடிக்கும்போது ஊரே கூடி நிற்கிறது.

புனேயில் வாழும் நேயர்கள் இதனை அண்டை வீட்டிலும் காணலாம். நவராத்திரியின் முதல் நாள் மராட்டியர் ‘கடஸ்தாபனம்’ செய்து, கலசத்தைச் சுற்றிய மண்ணில் தானியங்களை விதைக்கின்றனர். தசராவன்று வளர்ந்த முளைகளை எடுத்து வழிபாட்டில் வைப்பதும், கிராமங்களில் ஆண்கள் தொப்பியில் செருகிக்கொள்வதும் வழக்கம். மொழி வேறு, தெய்வத்தின் பெயர் வேறு. வளர்ப்பதும் முறையோடு விடைகொடுப்பதும் ஒன்றே.

பெர்த் நகரத்துக் கலைஞர்களும் தம் அனுபவத்தால் இதே முடிவுக்கு வந்தனர் என்பது வியப்புக்குரியது. தாங்கள் வளர்த்த திசுக்களுக்கு மக்கள் முன்னிலையில் உணவூட்டுவதை ஒரு சடங்காகவே அமைத்தனர். கண்காட்சியின் இறுதியில் திசுவைப் பாத்திரத்திலிருந்து வெளியே எடுத்து, வந்தோரைத் தொடச் செய்தனர். கையில் உள்ள கிருமிகள் பட்டவுடன் அது மாளும். அதனைக் கொல்லும் சடங்கு என்றே பெயரிட்டழைத்தனர். முடிவின் பொறுப்பைக் கலைஞர் ஒருவரே சுமக்காமல், பார்த்து மகிழ்ந்தவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கருத்து. குளக்கரையில் முளைப்பாரியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் பொருளும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. முளை கரைந்த நீரும் மண்ணும் மறுபடி வயலைச் சேரும். ஆராய்ச்சிக்கூடத்துத் திசு எரிப்பானைச் சேரும். உயிர்க்கலை இனிக் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

ஆகவே புதியது என்ற காரணத்தால் உயிர்க்கலையை வெறுக்கவும் வேண்டாம். புதியது என்ற காரணத்தாலேயே போற்றவும் வேண்டாம். ஒரு படைப்பைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இதற்கு உணவூட்டுபவர் யார்? இது தன் கூண்டைவிட்டு வெளியேறாமல் காப்பவர் யார்? இதன் முடிவை முன்பே எண்ணியவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது வளர்ப்பு, கலையும் ஆகலாம். கிடைக்காவிடில் அது வேடிக்கையே. பாஷாண் சாலையில் மூங்கிலைப் பூக்கவைத்தவர்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை உணவை மாற்றி, கிருமி அணுகாமல் காத்து, கிடைத்த விதையை மீண்டும் முளைக்க வைக்கும் நோக்கோடு உழைத்தனர். கலைஞர் என்ற பெயரை அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் கலைஞர் கற்கத்தக்க ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது.

பிறந்த மண்ணினின்று பெயர்த்து, வேறோர் இடத்தில் வைத்து, இளநீர் ஊட்டி வளர்க்கப்பட்ட நாற்று பூத்தது என்னும் செய்தி, வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் ஒரு நற்செய்தியே. அடுத்த நவராத்திரியில் கொலுப்படியின் பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் நவதானியம் விதைத்து, நம் குழந்தைகளை நாள்தோறும் நீர் தெளிக்கச் சொல்வோம். உயிரை வளர்ப்பதன் இன்பமும் பொறுப்பும் அவர்களுக்கு அப்போது ஒருங்கே விளங்கும்.